ஏற்றிய தளம் இறங்காது

"ரெண்டு விரல் போதும் சின்னவளே, அதுக்கு மேல ஏத்துனா கதவு..."

"ரெண்டு விரல்னா தண்ணி அந்த மூலையிலதான் நிக்கும் அத்தான், அப்புறம்..."

"கதவு இடிக்கும்ங்கிறேன். காதுல விழுதா இல்லையா?"

"அப்புறம் இன்னொருத்தி வழுக்கி விழுவா. கதவு இடிச்சா கதவை அறுங்க. தளம் மட்டத்துக்குத்தான் வரணும்."

"கடை யாருது? உன்னுதா, என்னுதா?"

"கடை உங்களுது. கீழ இருக்கிற மண்ணு என் வேலை."

நானும் என் அக்கா வீட்டுக்காரரும் இப்படித்தான் பேசிக்கொள்வோம் சார். கேட்கிறவர்களுக்குச் சண்டை மாதிரி இருக்கும். பக்கத்துக் கடைத் தையல்காரர், "காலையிலேயே ரெண்டு பேரும் கத்திக்கிட்டு இருந்தாங்க" என்று உங்களிடம் சொன்னாராமே. அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் நான் கத்தவும் இல்லை. என் வீட்டுக்காரருக்குக் காது மந்தம். அவரோடு குடித்தனம் நடத்தினால் யாருக்கும் தொண்டை பெரிதாகிவிடும்.

அவரை வெளியே பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறீர்கள். முதலில் அவரை வீட்டுக்கு அனுப்புங்கள். பம்பை ஓட்டியது அவர்தான், ஓட்டச் சொன்னது நான். அவருக்கு எதுவும் தெரியாது. நீங்கள் கேட்ட கேள்வியே அவர் காதில் சரியாக விழுந்திருக்காது. எல்லாவற்றுக்கும் தலையாட்டியிருப்பார். அந்தத் தலையாட்டலை வைத்து எதையும் எழுதிவிடாதீர்கள். அதைச் சொல்லத்தான் நானே ஸ்டேஷனுக்கு நடந்து வந்தேன்.

வேலையைப் பற்றிக் கேட்டீர்கள். சொல்கிறேன்.

கான்கிரீட் தளம் தானாக இறங்காது. அடியில் இருக்கிற மண்ணைத் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துக்கொண்டு போகும். தளம் வெறும் காற்றின் மேல் கிடக்கும். மேலே நடக்கிறவருக்கு ஒன்றும் தெரியாது. ஒரு நாள் ஒரு மூலை இறங்கும். பழைய முறை என்றால் உடைத்து, அள்ளிக் கொட்டி, புதிதாகப் போட வேண்டும். நாங்கள் உடைப்பதில்லை. தளத்தில் விரல் நுழைகிற மாதிரி ஓட்டைகள் போடுவோம். வண்டியில் இரண்டு பீப்பாய், இரண்டு திரவம். இரண்டும் நீளக் குழாய் வழியாக வந்து என் கையிலிருக்கும் துப்பாக்கி மாதிரியான கருவியின் முனையில்தான் ஒன்று சேரும். சேர்ந்த உடனே நுரை. பால் பொங்குவது மாதிரி அடியில் பொங்கி, சந்து பொந்தெல்லாம் அடைத்து, போக இடமில்லாமல் தளத்தை மேலே தள்ளும். பிறகு கல்லாக இறுகிவிடும். பார்க்கிறவர்கள் வாயைப் பிளப்பார்கள். "என்னம்மா, சோப்பு நுரை மாதிரி இருக்கு, இதுவா தூக்குச்சு?" என்பார்கள்.

இதில் ஒன்றைத்தான் எல்லோரிடமும் முதலிலேயே சொல்லிவிடுவோம். ஏற்றலாம். இறக்க முடியாது.

அதனால் சைகை முக்கியம். கம்ப்ரஸர் சத்தத்தில் காது கேட்கிறவருக்கே ஒன்றும் கேட்காது, என் வீட்டுக்காரருக்குச் சொல்லவே வேண்டாம். அவர் வண்டியோடு சந்தில் நிற்பார். கேட் வழியாக என் கையை மட்டும் பார்ப்பார். ஒரு விரல் தூக்கினால் ஓட்டு. கையை மூடினால் நிறுத்து. நிறுத்திய பிறகும் நுரை கொஞ்சம் உந்தும், அதனால் ஒரு மயிரிழை முன்னாலேயே மூட வேண்டும். ஆரம்பிக்கும் முன் அவர் இரண்டு உள்ளங்கையையும் சேர்த்துப் புத்தகம் மாதிரி விரிப்பார். கதவெல்லாம் திறந்திருக்கிறதா என்று அர்த்தம். நானும் அப்படியே விரித்துக் காட்டினால்தான் பம்ப் ஓடும்.

இந்தச் சைகை ஒரு கூத்தில் வந்தது. தொழில் தொடங்கிய புதிதில் ஒரு பாட்டு டீச்சர் வீட்டு வாசல் தளத்தைத் தூக்கினோம். கதவு வெளிப்பக்கம் திறக்கிற கதவு. சாத்தியிருந்ததை நாங்கள் கவனிக்கவில்லை. தளம் ஏறியதும் கதவு அசையவில்லை. வீட்டில் இருந்தவர்களை ஒவ்வொருவராக ஜன்னல் வழியாக இறக்கினோம். டீச்சரின் மாமியார் பாதியில் மாட்டிக்கொண்டு, "தள்ளாதடி பாவி, இழுடி!" என்று மருமகளைத் திட்ட, மருமகள், "நீங்க மூச்சை உள்ள இழுங்க அத்தை, நான் உங்களை வெளிய இழுக்கிறேன்" என்று சொல்ல, என் வீட்டுக்காரர் சிரித்த சிரிப்பில் ஏணியிலிருந்து விழுந்தார். கதவின் அடியை அறுத்துக் கொடுத்தோம். அன்றிலிருந்து, கதவைத் திறந்து வைத்துவிட்டுத்தான் தளத்தைத் தொடுவோம்.

இனி அக்கா.

அவள்தான் என்னை வளர்த்தாள். எனக்குச் சடை பின்னினவள், சைக்கிள் பழக்கினவள், கல்யாணத்தன்று என் கண் மையைத் துடைத்துவிட்டு மறுபடி போட்டவள். அத்தானைக் கட்டிக்கொண்டு அந்தக் கடைக்குப் போனாள். உறைந்த மீன், பட்டாணி, ஐஸ்கட்டி. ஓட்டல்காரர்கள் வாங்கிப் போவார்கள். கடைக்குப் பின்னால் ஒரு முற்றம், முற்றத்தில் குளிர் அறை, வெளிப்பக்கம் திறக்கிற கதவு. அறைச் சுவருக்குள் அடைத்திருப்பதும் எங்கள் மாதிரி நுரைதான். குளிர் வெளியே போகாது, சத்தமும் போகாது. அதனால் உள்ளே ஒரு பொத்தான் வைத்திருப்பார்கள். அழுத்தினால் ஆபீஸில் மணி அடிக்கும். அந்த மணிக்கு எழுந்து ஓடுகிற ஒரே ஆள் என் அக்கா. வேலைக்காரர்கள், "அக்கா வருவாங்க" என்று உட்கார்ந்தே இருப்பார்கள்.

அந்த அறை வாசல் தளம் ஒரு பக்கம் இறங்கியது. அக்கா என்னிடம் ஒரு தடவை சொன்னாள். எல்லோரும்தான் சொல்வார்கள். இந்தத் தொழிலில் இருக்கிறவளிடம் யார்தான் தளத்தைப் பற்றிச் சொல்ல மாட்டார்கள்? கல்யாண வீட்டில் சாப்பிட உட்கார்ந்தாலும் பக்கத்து இலைக்காரர் தன் வீட்டுக் கார் ஷெட்டைப் பற்றித்தான் பேசுவார்.

தளம் இறங்கியதும் கதவுக்குக் கீழே சந்து விழுந்தது. குளிர் வெளியேறுகிறது என்று அத்தான் என்ன செய்தார் தெரியுமா? கதவை நீட்டினார். இரும்புப் பட்டறைக்காரரைக் கூப்பிட்டு, இறங்கின தளத்துக்கு அளவெடுத்துக் கதவின் அடியில் ஒரு துண்டு ஒட்டினார். அதற்கும் கீழே இரண்டு விரல் அகலத்துக்கு ரப்பர் பட்டை. ஒரு மனிதருக்குப் பட்டறைக்காரரைத் தேடிப் போகத் தெரிகிறது. கதவுக்கு அளவெடுக்கத் தெரிகிறது. காலடியில் பள்ளம் விழுந்திருப்பது மட்டும் தெரியவில்லை. கோபம் வராதா சார்? உங்களுக்கு வராதா?

அந்தப் பள்ளத்தில் ஐஸ் தண்ணீர் தேங்கும். அக்கா மீன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே கால் வைத்தாள். வழுக்கியது. பின்மண்டை அந்தக் கதவின் விளிம்பில் பட்டது. நீட்டின துண்டில். அவ்வளவுதான்.

அடக்கம் முடிந்து கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். நான் வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தேன். யாரோ அத்தானிடம் எப்படி விழுந்தாள் என்று கேட்டார்கள். அவர் தலை குனிந்தபடியே சொன்னார்:

"தளம் இறங்கிக் கிடந்துச்சு. சின்னவ வந்து தூக்கித் தர்றேன்னு சொல்லிக்கிட்டுதான் இருந்தா. அவளுக்கு வேலை ஓயல."

அவ்வளவுதான் சொன்னார். குரலை உயர்த்தவில்லை. என் பக்கம் பார்க்கக்கூட இல்லை. ஆனால் கூடத்திலிருந்த எல்லோரும் பார்த்தார்கள். என் பெரியம்மா பெண், நாற்காலி போட்டுத் தராவிட்டால் கோபித்துக்கொண்டு போகிறவள், அவள் என் கையிலிருந்து தண்ணீர் வாங்காமல் தானே போய் மொண்டு குடித்தாள். அப்போது நான் செம்பைக் கீழே வைக்கவில்லை. அடுத்தவருக்கு நீட்டினேன். என் கை நடுங்கவில்லை. நான் அப்படித்தான், கோபம் வந்தால் எனக்குக் கை நிதானமாகிவிடும். தொழிலுக்கு நல்லது.

அக்கா சொன்னாள்தான். இரண்டு மூன்று தடவை சொல்லியிருப்பாள். நான் என்ன சும்மாவா இருந்தேன்? ஒரு பக்கம் பள்ளிக்கூட நடைபாதை, ஒரு பக்கம் பெட்ரோல் பங்க். வெளி ஆட்கள் வேலையைத் தள்ளிப்போட்டால் வேறு ஆளிடம் போய்விடுவார்கள். சொந்தக்காரர்கள் எங்கே போவார்கள்? சொந்தம் காத்திருக்கும். அதற்குப் பெயர்தானே சொந்தம்.

அத்தான் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும். அடிக்கிறவரில்லை, குடிக்கிறவரில்லை. அக்கா போன பிறகு அவளுடைய செருப்பை எடுக்காமல் முற்றத்து ஓரத்திலேயே வைத்திருந்தார். ஒரு நாள் போன் செய்தார். "அந்தத் தளத்தைத் தூக்கிக் குடுத்துடு சின்னவளே. இன்னொருத்தர் விழக்கூடாது." நீங்கள் அதைச் சாதாரணப் பேச்சு என்பீர்கள். எனக்கு அதில் குத்தல் கேட்டது. 'இன்னொருத்தர்' என்றால், முதலில் விழுந்தவள் யார் கணக்கு?

கடை விடுமுறை நாளாகப் பார்த்துப் போனோம். வேலைக்காரர்கள் யாருமில்லை, தள்ளுவண்டி நடமாட்டம் இருக்காது. எங்கள் வேலைக்குத் தோதான நாள். வண்டியைச் சந்தில் நிறுத்தி, குழாயை இழுத்து, கயிறு கட்டி மட்டம் பார்த்தேன். மூன்று விரல் இறக்கம். அப்போதுதான் அந்தப் பேச்சு. ரெண்டு விரலா, மூன்று விரலா. தையல்காரர் கேட்டது அதுதான்.

பேச்சை யார் முடித்தது என்று கேட்டால், அத்தான்தான். "சரி, உன் இஷ்டம். நாளைக்குப் பட்டறைக்காரனை வரச் சொல்லிக் கதவை அறுத்துக்கறேன். இப்ப திறந்தே கிடக்கட்டும்" என்றார். விட்டுக் கொடுத்தார். தளத்தின் மேல் காலிப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. தளம் காலியாக இருந்தால்தான் சரியாக ஏறும் என்று அவருக்கும் தெரியும். எனக்கு உதவியாக ஒவ்வொன்றாக எடுத்து அறைக்குள் கொண்டு போய் வைத்தார். ஒரு நிமிட வேலை என்று கம்பளிக்கோட்டைக்கூடப் போடவில்லை. அது வெளியே ஆணியில் தொங்கியது. அவருடைய போன் ஆபீஸ் மேசையில் சார்ஜில் கிடந்தது.

கடைசிப் பெட்டியைத் தூக்கியவர் வாசலில் நின்றார்.

"உன் மேல வருத்தம் இல்ல சின்னவளே. அன்னைக்குக் கூடத்துல சொன்னது தப்புதான்."

"எதுக்கு அத்தான் இப்ப அது?"

"இல்ல, நானும் வேற ஆளைக் கூப்பிடறேன்னுதான் சொன்னேன். உங்கக்கா விடல. 'என் தங்கச்சி வர்றேன்னு சொல்லியிருக்கா, வேற ஆளை வச்சுத் தூக்கினா அவ முகம் சுருங்கிடும்'னா. கடைசி வரைக்கும் அதையேதான் சொன்னா."

சொல்லிவிட்டுத் தோளில் கண்ணைத் துடைத்துக்கொண்டார், கையில் பெட்டி இருந்ததால். உள்ளே போனார்.

இதை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம். இத்தனை நாள் வைத்திருந்தவர் இன்னும் கொஞ்ச நாள் வைத்திருக்கலாம். ஒரு மனிதர் எதை எங்கே இறக்கி வைக்கிறோம் என்று பார்க்க வேண்டாமா?

நான் கதவைச் சாத்தினேன்.

அதை எழுதிக்கொள்ளுங்கள். காற்று சாத்தவில்லை. குளிர் வீணாகிறதே என்று சாத்தினேன் என்று நேற்று உங்கள் ஆளிடம் சொன்னேன், அதை அடித்துவிடுங்கள். சாத்திவிட்டு ஓட்டைக்கு முன்னால் மண்டியிட்டேன். கேட்டுக்கு வெளியே என் வீட்டுக்காரர் உள்ளங்கையைச் சேர்த்து விரித்தார். கதவெல்லாம் திறந்திருக்கா? நானும் சேர்த்து விரித்தேன். அவர் நின்ற இடத்திலிருந்து என் கை தெரியும், குளிர் அறைக் கதவு தெரியாது. எத்தனையோ வருஷமாக என் கையைத்தான் பார்த்து வேலை செய்கிறார். என் கை அவரிடம் ஒரு நாளும் பொய் சொன்னதில்லை. கதவு திறந்துதான் இருந்ததென்று உங்களிடம் அவர் தலையாட்டியது அதை நம்பித்தான்.

ஒரு விரலைத் தூக்கினேன்.

தளம் ஏறும்போது முதலில் சத்தம்தான் வரும். சொடக்கு எடுப்பது மாதிரி. பிறகு ஓரத்து இடுக்கில் மணல் பொலபொலவென்று உதிரும். தேங்கியிருந்த தண்ணீர் வழி தேடி ஓடும். ரப்பர் பட்டை மடங்கியது. ரெண்டு விரல். அங்கே கையை மூடியிருக்க வேண்டும். அவர் கேட்டது அவ்வளவுதானே. ரப்பர் மடங்கும், இரும்பு மடங்காது. நான் மூடவில்லை. இரும்பு விளிம்பு கான்கிரீட்டைக் கடித்தது. கிரீச்சென்று ஒரு சத்தம், பிறகு ஒன்றுமில்லை. அப்போதுதான் கையை மூடினேன்.

ரசமட்டத்தை வைத்துப் பார்த்தேன். குமிழி நட்ட நடுவில் நின்றது சார். இவ்வளவு சுத்தமான மட்டம் என் கையால் வந்ததில்லை. அக்கா பார்த்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன்.

அந்தக் கதவில் உள்பக்கம் ஒரு பச்சைக் குமிழ் உண்டு. யாரும் மாட்டிக்கொள்ளக் கூடாதென்று வைத்தது. தள்ளினால் தாழ் விடுபடும். தாழ் விடுபட்டது, நான் பார்த்தேன். கதவுதான் வரவில்லை. ஆபீஸில் மணி அடித்தது. ஓட்டைகளைச் சிமெண்ட் குழைத்து அடைத்துக்கொண்டிருந்தேன். நிதானமாகத் தேய்த்துவிட்டேன், கால் இடறாதபடி. மணி விட்டு விட்டு அடித்தது. அந்த மணிக்கு யார் எழுந்து ஓடுவார்கள் என்று சொன்னேனே. அவள்தான் இல்லையே.

ஆணியில் இருந்த கோட்டை எடுத்து மடித்து நாற்காலியில் வைத்தேன். குழாயைச் சுருட்டினேன். என் வீட்டுக்காரர், அத்தான் எங்கே என்று புருவத்தைத் தூக்கினார். "முன்வாசல் வழியா போயிட்டாரு!" என்று அவர் காதருகில் கத்தினேன். வழியில் அவருக்கு வெறும் தேநீரும் எனக்கு ஒரு வடையும் வாங்கினோம். நான் சாப்பிட்டேன். கடை திறந்த அன்று வேலைக்காரர்கள் தளத்தை உடைத்துத்தான் கதவைத் திறந்தார்கள் என்று சொன்னார்கள். நல்ல தளம். உடைத்துவிட்டார்கள்.

நீங்கள் திரும்பத் திரும்ப ஒன்றையே கேட்கிறீர்கள். ஏன் அப்போதே உடைக்கவில்லை, கோபம் ஆறியிருக்குமே என்று. கோபம் ஆறவில்லை. இப்போதும் ஆறவில்லை. அவர் பேச்சுக்கு நான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அக்காவை நான் கொன்றதாக ஒரு மனிதர் ஊரெல்லாம் நினைக்க வைத்தால், அவர் வாயை யார் அடைப்பது? அக்கா கேட்டாள்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஒவ்வொரு போனிலும் கேட்டாள். "பின்வாசல் தளம் இன்னும் இறங்கிடுச்சுடி சின்னவளே." நான், "வர்றேன்க்கா" என்பேன். அவள், "எப்ப?" என்பாள். நான் போனை வைத்துவிடுவேன். வேலை நேரத்தில் வேறு என்ன செய்ய முடியும்? ஆனால் வருகிறேன் என்றுதான் சொன்னேன். ஒரு நாளும் வரமாட்டேன் என்று சொன்னதில்லை. அதைக் கூடத்தில் யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

ஒன்றை மட்டும் இன்னும் உங்களிடம் சொல்லவில்லை. மணி நின்ற பிறகு அவர் பேசினார். கதவோரத்து ரப்பரில் வாயை வைத்துப் பேசினால் வெளியே மெல்லிசாகக் கேட்கும். நான் பக்கத்தில் போய்க் குனிந்தேன்.

"சின்னவளே... இருக்கியா?"

"இருக்கேன் அத்தான்."

"நான் சொன்னேன்ல, இடிக்கும்னு." சிரித்தார் சார். கோபமே இல்லை. தவறிப்போய் நடந்தது என்றே நினைத்துக்கொண்டிருந்தார். "காத்துல கதவு சாத்திக்கிச்சு போல. பதறாதே. தளத்தைக் கொஞ்சம் இறக்கு."

"ஏத்துனது இறங்காது அத்தான்."

பல் அடித்துக்கொள்வது கேட்டது.

"அப்ப உடைச்சுடு. ஆபீஸ் மூலையில சம்மட்டி இருக்கு. தளம் போனா போகுது, உன் வேலை வீணாப்போச்சேன்னு பார்க்காதே. சீக்கிரம் வா."

"வர்றேன் அத்தான்."

நான் எழுந்து குழாயைத் தோளில் போட்டுக்கொண்டேன். பின்னால் ரப்பர் ஓரத்திலிருந்து குரல் வந்தது.

"எப்ப, சின்னவளே?"